கூட்டல் குறி கூட்டுமா? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வேதாந்த விசாரணை

பைத்தான் படிக்க வருகிற எவரும் தப்ப முடியாத புரோகிராம் ஒன்று உண்டு: கால்குலேட்டர். முதல் எண்ணைக் கேட்கும், கொடுக்கிறோம். இரண்டாம் எண்ணைக் கேட்கும், அதையும் கொடுக்கிறோம். பிறகு “என்ன செய்யட்டும்? + - * /” என்று ஒரு வரி வரும். நாம் + என்று தட்டி எண்டரை அழுத்துகிறோம். கூட்டல் நடக்காது. சிவப்பு எழுத்தில் ஒரு கண்டனம் வரும். அதைவிட மோசமாக, எந்தக் கண்டனமும் இல்லாமல், 5+3 என்று நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் புரோகிராம் முடிந்துபோவதும் உண்டு.

மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை ஆரம்ப மாணவரின் கவனக்குறைவு என்பார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. குறிக்கும் செயலுக்கும் என்ன உறவு என்ற கேள்வியில் அந்த மாணவர் தமக்கே தெரியாமல் ஒரு சித்தாந்தத்தின் பக்கம் நின்றிருக்கிறார். பைத்தான் வேறு சம்பிரதாயம். இருவருக்கும் நடந்தது வாதப்போர். சிவப்பு எழுத்து அதன் தீர்ப்பு. இதுவே எமது துணிபு.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று வெளிப்படை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார், ஒரகடத்தில் 2010 முதல் கார், 2012 முதல் லாரி, 2013 முதல் புல்லட் என்று வண்டிகள் இறங்கிக்கொண்டே இருக்கும் இந்த வட்டாரத்துக்கு ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு டிரெய்னியாக வருகிற பிள்ளைகளில் பலர், ‘அடுத்து என்ன’ என்ற கேள்விக்குப் போனில் விடை தேடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் வந்துவிட்டது; தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான ‘நான் முதல்வன்’ 2022இல் வந்தது; போனிலேயே பைத்தான் ஓட்டிப் பார்க்கச் செயலிகள் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து வாலாஜாபாத் பக்கமோ சிங்கப்பெருமாள் கோவில் பக்கமோ கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் சன்னலோர சீட் பிடித்தவர் தூங்குகிறார். பிடிக்காதவர் பைத்தான் படிக்கிறார்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பழையது. 1017இல் இராமானுசர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். உடலும் உயிரும் வேறு வேறு, ஆனாலும் பிரித்து வைக்க முடியாதவை. உலகத்துக்கும் இறைவனுக்கும் உள்ள உறவும் அதுவே என்றவர் அவர். தட்டிய கூட்டல் குறிக்கும் நடக்க வேண்டிய கூட்டலுக்கும் என்ன உறவு என்று கேட்பவன் அவர் ஊரைத் தாண்டிப் போவது மரியாதை அல்ல. வைணவப் பெரியோர் பொறுத்தருள்க.

முதல் நூற்பா:

எண்ணும் குறியும் யாதே ஆயினும்
உள்நுழை வாயிலில் எழுத்தே ஆகும்.

இதன் பொருள்: பயனர் எதைத் தட்டினாலும் இன்புட் என்னும் வாயில் அதை எழுத்துச் சரமாகவே உள்ளே விடும். 5 என்று தட்டினால் வருவது ஐந்து அல்ல, ஐந்தின் உருவம். 5, 3 இரண்டையும் வாங்கி அப்படியே கூட்டினால் 53 வருகிறது. பெருக்கினால் டைப் எரர் வருகிறது. ஒன்றை மட்டும் எண்ணாக மாற்றிவிட்டுப் பெருக்கினால் 555 வருகிறது: ஐந்து என்ற எழுத்து மூன்று தடவை. மூன்றாவதுதான் ஆபத்தானது. எரர் வந்தால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். விடை என்ற பெயரில் ஏதோ ஒன்று வந்துவிட்டால் நம்பிவிடுவார்.

‘வாயிலில் ஏன் இந்தக் கெடுபிடி’ எனின், முன்பு இது இல்லை என்க. பைத்தான் 2இல் இன்புட் என்பது பயனர் தட்டியதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்து விடையைக் கொடுத்தது. 5 தட்டினால் ஐந்தே வந்தது. 5+3 தட்டினால் எட்டே வந்தது. பொற்காலம் என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பொற்காலத்தின் விலை என்ன என்பது பின்னால் வரும். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 வாயிலில் காவல் போட்டது. அன்று முதல் எண்ணாக வேண்டுமா, இன்ட் என்றோ ஃப்ளோட் என்றோ கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. இன்ட் என்னும் மாற்றி தமிழ் எண்களையும் அறியும். ௫ என்று தட்டினால் ஐந்து என்று எடுத்துக்கொள்ளும். ௧௨ என்றால் பன்னிரண்டு. யூனிகோடு அட்டவணையில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்கள் என்று குறித்திருப்பதால் இந்தச் சலுகை. ஆனால் பத்துக்கு நம் முன்னோர் தனியாக வைத்திருந்த ௰ என்ற குறியைக் கொடுத்துப் பாருங்கள்: வேல்யூ எரர். அட்டவணைப்படி ௰ எண்தான், ஆனால் இலக்கம் அல்ல. ஏட்டுச்சுவடிக் கணக்கர் ஒருவர் இன்று ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் ஒன்பது வரை பிரச்சினை இல்லாமல் ஓட்டுவார்.

எண்களை இவ்வாறு மாற்றிக்கொண்டாயிற்று. குறிக்கு மாற்றி எங்கே? + என்ற எழுத்தைக் கூட்டலாக மாற்றித் தரும் இன்ட் போன்ற ஒன்று பைத்தானில் இல்லை. இங்கேதான் மதங்கள் பிரிகின்றன.

அத்வைதம் முதலில். குறியும் செயலும் ஒன்றே, இரண்டல்ல என்பது ஆரம்ப மாணவர் அனைவரின் பிறவிச் சமயம். குறி என்ற மாறிக்குள் + இருக்கிறது. எனவே அ குறி ஆ என்று எழுதினால் பைத்தான் அதை அ + ஆ என்று படிக்காதா? படிக்காது. சின்டாக்ஸ் எரர். இந்த எரரின் நேரத்தைக் கவனியுங்கள். முதல் எண்ணைக் கேட்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. பயனர் + தட்டப்போகிறாரா, தட்டமாட்டாரா என்று பொறுத்துப் பார்க்கக்கூடப் பைத்தானுக்குப் பொறுமை இல்லை.

காரணம் உண்டு. பைத்தான் ஒரு புரோகிராமை ஓட்டுவதற்கு முன் முழுவதையும் வாசித்து இலக்கணம் பார்த்துவிடுகிறது. எது பெயர், எது செயற்குறி, எது எதனோடு சேரும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிறது. + என்பது அந்த இலக்கணத்தின் உறுப்பு. பயனர் வருவது அதற்கெல்லாம் பிறகு, புரோகிராம் ஓடும்போது. ஆகவே புரோகிராமுக்குள் நாம் எழுதிய + வேறு காலத்தைச் சேர்ந்தது, பயனர் தட்டும் + வேறு காலத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே சாயலில் இருப்பது, இந்த விஷயத்தில் மட்டுமாவது, மாயை.

இரண்டாம் நூற்பா அதைச் சொல்கிறது:

தட்டிய குறியும் எழுதிய குறியும்
தோற்றம் ஒன்றே, தொழில்வே றாகும்.

மாணவர் சளைப்பதில்லை. அ + குறி + ஆ என்று மூன்றையும் ஒட்டிப் பார்க்கிறார். எண்களாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்திருந்தால் 5+3 என்று திரையில் வரும். பார்க்க லட்சணமாக இருக்கும். எட்டு மட்டும் இருக்காது. அடுத்ததாகக் குறி(அ, ஆ) என்று எழுதுகிறார். இந்த முறை வரும் எரர், எழுத்துச் சரத்தைக் கூப்பிட்டு வேலை வாங்க முடியாது என்கிறது. இது தோல்வி போலத் தெரியும். உண்மையில் இந்த மாணவர் கரைக்கு மிக அருகில் வந்துவிட்டார். செயலைக் கூப்பிட வேண்டும் என்பது வரை அவருக்குப் புரிந்துவிட்டது. கூப்பிட்ட ஆள்தான் தவறு. இவரைப் பாதி வழியில் மீண்டும் சந்திப்போம்.

துவைதிகள் சிக்கலே இல்லாமல் தீர்த்துவிடுகிறார்கள். குறி வேறு, செயல் வேறு. இரண்டும் ஒருநாளும் ஒன்றாகா. இதைக் கண்டால் அதைச் செய், அவ்வளவுதான். குறி == "+" என்றால் அ + ஆ; இல்லையேல் குறி == "-" என்றால் அ - ஆ; இப்படி இஃப், எலிஃப், எலிஃப், எல்ஸ். பள்ளிப் பாடம், யூடியூப் பாடம், கோச்சிங் சென்டர் பாடம் எல்லாம் இந்த மதம்தான். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியிலும் இதேதான் ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று நடக்கிறது. ஒரு வரியில் மேற்கோளுக்குள் ஒரு +, அதற்கு அடுத்த வரியில் மேற்கோள் இல்லாமல் ஒரு +. முதலாவது பார்ப்பதற்கு மட்டும், இரண்டாவது வேலைக்கு. துவைதத்துக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை.

குறை ஒன்றும் இல்லையா எனின், உண்டு. இஃப் வரிசையில் விழும் குழிகளில் ஒன்று மட்டும் இங்கே விரித்துரைக்கத் தக்கது. பயனர் + தட்டினாலும் ‘கூட்டு’ என்று எழுதினாலும் கூட்டட்டும் என்ற நல்லெண்ணத்தில் மாணவர் இப்படி எழுதுவார்: குறி == "+" ஆர் "கூட்டு". நம் வாயில் இது சரியாகத்தான் ஒலிக்கிறது. பைத்தான் இதை இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளும். குறி கூட்டல் குறியா? இது முதல் கேள்வி. ‘கூட்டு’ என்ற எழுத்துச் சரம் வெறுமையாக இல்லாமல் இருக்கிறதா? இது இரண்டாம் கேள்வி. இரண்டாவதற்கு விடை என்றென்றும் ஆம். எனவே பயனர் எந்தக் குறி தட்டினாலும் முதல் வாசலிலேயே கதவு திறந்துவிடும். 10, 4, கழித்தல் என்று கேட்டவருக்கு 14 கிடைக்கும். எரர் கிடையாது. சிவப்பு கிடையாது. கழித்தல், பெருக்கல், வகுத்தல் மூன்றும் கீழே வரிசையில் நின்றபடி தங்கள் முறை வருமென்று காத்திருக்கும்.

பிற குழிகள் சிறியவை. + தட்டியபின் ஸ்பேஸ் ஒன்றும் தட்டினால் அது வேறு சரம். ஸ்ட்ரிப் போட்டு உதற வேண்டும். பெருக்கலுக்கு ஆங்கில எக்ஸ் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். ^ போட்டால் அடுக்கு என்று நினைத்து 9^2 கேட்டால் 11 வரும், ஏனெனில் பைத்தானில் அது பிட்டுகளை ஒப்பிடும் செயற்குறி. 2021இல் வந்த 3.10 பதிப்பில் மேட்ச்–கேஸ் என்றொரு புது வரிசை முறை வந்தது. பார்க்க அழகு, மதம் அதேதான்.

இனி இராமானுசரின் விசிஷ்டாத்வைதத்துக்கு வருவோம்.

பைத்தானில் டிக்ஷனரி என்ற ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் ஒரு திறவுகோல், வலப்பக்கம் ஒரு பொருள். ‘+’ என்ற சரத்துக்கு எதிரே ஆட் என்ற செயற்கூறு, ‘-’க்கு எதிரே சப், ‘*’க்கு எதிரே மல், ‘/’க்கு எதிரே ட்ரூடிவ். இந்த நான்கையும் பைத்தானோடு வரும் ஆபரேட்டர் என்ற தொகுப்பே ஆயத்தமாகத் தருகிறது. பயனர் தட்டிய குறியைக் கொண்டு டிக்ஷனரியில் தேடினால் செயல் கையில் வரும்; அந்தச் செயலை (அ, ஆ) என்று கூப்பிட்டால் விடை வரும். முன்பு எழுத்தையே கூப்பிட்டுப் பார்த்து ஏமாந்தாரே, அந்த மாணவருக்கு இதுதான் கரை. குறி உடல். செயற்கூறு உயிர். இரண்டும் வேறு, ஆனால் டிக்ஷனரிக்குள் ஒன்றை எடுத்தால் மற்றது கூடவே வருகிறது. இருபது குறிகள் சேர்ந்தாலும் கூப்பிடும் வரி ஒன்றுதான். இஃப் வரிசை நீண்டுகொண்டே போகும் தொல்லை இல்லை.

இதை மூன்றாம் நூற்பா ஒரு நிபந்தனையுடன் சொல்கிறது:

பட்டியல் தன்னில் குறியொடு தொழிலை
அடைப்புக் குறியின்றி இணைத்தல் முறையே.

‘அடைப்புக் குறியின்றி’ என்றது என்னையெனின், டிக்ஷனரியில் ஆட் என்று பெயரை மட்டும் எழுத வேண்டும். ஆட்(அ, ஆ) என்று எழுதக் கூடாது என்பதற்காக. அடைப்புக்குறி போட்ட கணமே செயல் நடந்துவிடுகிறது. டிக்ஷனரியை உருவாக்கும்போதே நான்கு கணக்கும் போட்டு, நான்கு விடைகளை எடுத்து வைத்துக்கொண்டு பைத்தான் பயனருக்காகக் காத்திருக்கும். சாதாரண நாட்களில் இது வெறும் வீண் உழைப்பு. இரண்டாம் எண் பூஜ்யமாக இருக்கும் நாளில் மட்டும் விபரீதம்: பயனர் கேட்டது கூட்டல், வந்தது ஜீரோ டிவிஷன் எரர். கேட்காத வகுத்தலால் புரோகிராம் சாகிறது. இந்த எரரின் காரணம் புரியாமல் மாணவர் கூட்டல் வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை என்பது எம் அபிப்பிராயம். சிஎன்சி மெஷினில் எம்03 என்றால் ஸ்பிண்டில் வலப்பக்கமாகச் சுற்றும், எம்05 என்றால் நிற்கும், எம்08 என்றால் கூலன்ட் பாயும். எம்03 என்ற எழுத்துகளுக்குள் சுழற்சி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. கன்ட்ரோலருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் எழுத்தை மோட்டாரோடு கட்டி வைத்திருக்கிறது. எம்03ஐ புரோகிராம் ஷீட்டில் எழுதுவதும் ஸ்பிண்டில் சுற்றுவதும் ஒன்றல்ல என்பது ஷாப் ஃப்ளோரில் நிற்கிற யாருக்கும் தெரியும். தெரிந்தவர்தான் ரூமுக்கு வந்து பைத்தானைத் திறந்ததும் அத்வைதி ஆகிவிடுகிறார். சூழல் மாறினால் சமயம் மாறுவதற்கு இது நல்ல உதாரணம்.

குறிக்கும் செயலுக்கும் இயற்கையான பந்தம் எதுவும் இல்லை, கட்டி வைத்தால்தான் உண்டு என்பதற்கு வரலாறு நிறையச் சாட்சி சொல்கிறது. 1881இல் பெஷாவர் அருகே கிடைத்த பக்‌ஷாலி ஏட்டில் + போன்ற குறி குறையெண்ணைக் காட்டுகிறது. எண்ணுக்குப் பின்னால் போட்டுவிட்டால் அது கழிவு. ஐரோப்பாவில் + - இரண்டும் அச்சேறியது 1489இல் விட்மன் எழுதிய வணிகக் கணக்கு நூலில். பெருக்கலுக்கு × போட்டு 1631இல் ஆட்ரெட் நூல் வெளியிட்டார். ஆனால் 1957இல் ஃபோர்ட்ரான் மொழி வந்தபோது துளையட்டை எழுத்துகளில் × இல்லாததால் * அந்த இடத்தில் உட்கார்ந்தது. இன்று வரை எழுந்திருக்கவில்லை.

அந்த * குறியோடு ஸ்ரீபெரும்புதூருக்குத் தனிப்பட்ட உறவும் உண்டு. 2006 முதல் 2014 நவம்பர் வரை இங்கே ஓடிய நோக்கியா ஆலையை மறந்திருக்க மாட்டோம். நோக்கியாவின் பழைய எளிய மாடல்களில் கால்குலேட்டரைத் திறந்து * பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கூட்டல், இருமுறை அழுத்தினால் கழித்தல், மும்முறை பெருக்கல், நான்குமுறை வகுத்தல். ஒரே பொத்தான், ஒரே குறி, நான்கு செயல். பயனர் செயலைத் தேர்ந்தெடுப்பது என்னும் நம் ஆய்வுப்பொருளுக்கு இதைவிடச் சிக்கனமான தீர்வை யாம் கண்டதில்லை. அதில் * என்பதற்குப் பெருக்கல் என்று பொருளே இல்லை. எத்தனை முறை என்பதே திறவுகோல். பைத்தானிலும் இதைச் செய்யலாம். டிக்ஷனரியில் ‘*’க்கு எதிரே ஆட், ‘**’க்கு எதிரே சப் என்று கட்டினால் பைத்தான் ஒரு வார்த்தை பேசாது. சரங்கள் சரங்கள்தானே.

அப்படியானால் நம் பழைய கணக்குப்பிள்ளைகளின் குறிகளையும் கட்டலாம். யூனிகோடில் ௷ என்றொரு தமிழ்க் குறி இருக்கிறது: வரவு. ௶ என்றொன்று: பற்று. ௷க்கு எதிரே ஆட், ௶க்கு எதிரே சப். மாறிப் பெயர்களும் தமிழில் இருக்கலாம். பைத்தான் 3 அதற்கு அனுமதிக்கிறது. முதல் எண் ௫, இரண்டாம் எண் ௩, குறி ௷ என்று தட்டினால் 8 வருகிறது. விடை மட்டும் அந்நிய இலக்கத்தில் வருவது மனத்தாங்கல்தான். ஆனால் இதே ௷ குறியை நேரடியாகப் புரோகிராம் வரியில் அ ௷ ஆ என்று எழுதினால் உடனே சின்டாக்ஸ் எரர். இலக்கணத்துக்குள் புதுக் குறிக்கு இடமில்லை. டிக்ஷனரிக்குள் எல்லாக் குறிக்கும் இடமுண்டு. விசிஷ்டாத்வைதத்தின் தாராளம் இது.

இனி, முன்பு வாக்களித்த பொற்காலத்தின் விலை.

பைத்தானில் இவால் என்றொரு செயற்கூறு உண்டு. எழுத்துச் சரத்தைக் கொடுத்தால் அதைப் பைத்தான் கோவையாகவே எடுத்துக்கொண்டு ஓட்டி விடையைத் தரும். மூன்றையும் ஒட்டி வந்த ‘5+3’ என்ற சரத்தை இவாலிடம் கொடுத்தால் எட்டு. ஒரே வரி. இஃப் இல்லை, டிக்ஷனரி இல்லை. தட்டிய குறி மறுபடி இலக்கணத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அத்வைதிக்கு மோட்சமே கிடைத்துவிட்டது போலிருக்கும். பைத்தான் 2இன் இன்புட் உள்ளுக்குள் செய்ததும் இதைத்தான்.

இங்கே வைணவத்தின் பழைய உதாரணங்கள் இரண்டு உதவுகின்றன. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி எதுவும் செய்யாது, தாயே கவ்வித் தூக்கிச் செல்லும். முன்னது வடகலையார் சொல்லும் நெறி, பின்னது தென்கலையார் சொல்லும் நெறி என்பர். இஃப் வரிசை எழுதுபவர் குரங்குக் குட்டி: ஒவ்வொரு கிளையையும் தாமே பற்றிக்கொள்கிறார். இவால் எழுதுபவர் பூனைக்குட்டி: நீயே பார்த்துக்கொள் என்று கையை விட்டுவிடுகிறார். சரணாகதி உயர்ந்த நெறி என்பதில் எமக்கு மறுப்பு இல்லை. யாரிடம் சரண் அடைகிறோம் என்பதுதான் விசாரணைக்குரியது. இவால் எழுதியவர் பைத்தானிடம் சரணடைந்ததாக நினைக்கிறார். உண்மையில் சரணடைந்தது கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் பயனரிடம். அவர் 5+3 தட்டுவார் என்பதற்கு எந்த ஆச்சாரியரும் உத்தரவாதம் தரவில்லை. கோப்புகளை அழிக்கச் சொல்லும் கட்டளையைத் தட்டினாலும் இவால் அதே பணிவோடு நிறைவேற்றும். கெட்ட எண்ணமே இல்லாதவர் விளையாட்டாக 9**9**9 என்று தட்டினாலே போதும்: ஒன்பதின் 38,74,20,489ஆம் அடுக்கு, விடையில் 36 கோடியே 96 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். போன் சூடாகும், பஸ் வாலாஜாபாத் தாண்டினாலும் விடை வராது.

சிஎன்சி மெஷினிலும் இவால் இருக்கிறது. எம்டிஐ என்பார்கள். அந்த மோடுக்கு மாற்றி ஒரு வரி தட்டி பச்சைப் பொத்தானை அழுத்தினால் மெஷின் அப்போதே அதைச் செய்துவிடும். நிறுவி வைத்த புரோகிராம் எதுவும் தேவையில்லை. செட்டருக்கு அது அன்றாடத் தேவை. புதிதாக வந்த டிரெய்னியை அதன் பக்கம் விடமாட்டார்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் டூல் சக்கில் போய் இடிக்கும். புரோகிராமைத் திருத்தாமல் பூட்டிவைக்கத் தனிச் சாவியே பேனலில் உண்டு. மெஷினுக்கு இவ்வளவு பத்திரம் பார்க்கிறவர்கள் புரோகிராமில் இவாலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப்போவது ஏன் என்று யாம் பலவாறு யோசித்தும் விளங்கவில்லை. கணினி இடித்தால் சத்தம் கேட்காது என்பது காரணமாக இருக்கலாம். இவாலுக்குச் சாதுவான தம்பி ஒருவன் இருக்கிறான், லிட்டரல் இவால். அவனை வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசிப்பாரும் உளர். அவன் சாதுதான். ஆனால் ‘5+3’ கொடுத்தால் வேல்யூ எரர் தருவான். கணக்குப் போடுவது அவன் விரதத்துக்கு விரோதம்.

நான்காம் நூற்பா:

அல்லாக் குறியெலாம் ஆங்கே நிறுத்துக;
நிறுத்திய காரணம் நவில்தலும் கடனே.

இது எல்ஸ் பற்றியது. போனிலுள்ள கால்குலேட்டரில் எல்ஸ் கண்ணில் படாது. + − × ÷ என்று குறிகளெல்லாம் பொத்தான்களே. பொத்தான் இல்லாத குறியை அழுத்த முயன்றாலும் இடமில்லை. ஜப்பானிய ஆலைகளிலிருந்து வந்து இங்குள்ள டிரெய்னிங் ஹால் சுவர்களில் ஒட்டியிருக்கும் போகா-யோகே என்பதும் இதுதான்: தவறாகப் பொருத்தவே முடியாதபடி வடிவத்தை அமைத்துவிடு. எழுத்தாகத் தட்டச் சொல்லும் புரோகிராமுக்கு அந்த வசதி கிடையாது. கீபோர்டு முழுவதும் பயனருக்குத் திறந்துகிடக்கிறது. ஆகவே எல்ஸ் வேண்டும். அதில் ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவது அநாகரிகம். என்ன தட்டினீர்கள், எவையெல்லாம் செல்லும் என்று இரண்டையும் சொல்லுவதே முறை. டிக்ஷனரி வைத்திருப்பவருக்கு இது சுலபம். திறவுகோல்களின் பட்டியலை அதுவே தரும்.

வகுத்தல் மட்டும் எல்ஸுக்கு அடங்காது. குறி சரி, எண்களும் சரி, இரண்டாம் எண் பூஜ்யம். 628இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று தீர்ப்பளித்தார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், பூஜ்யத்தை வகுஎண்ணாகக் கொண்ட அளவு எதைச் சேர்த்தாலும் கழித்தாலும் மாறாத முடிவிலி என்றார். பைத்தான் இருவர் கட்சியிலும் சேராது. ஜீரோ டிவிஷன் எரர் என்று எழுந்து போய்விடும். ட்ரை–எக்செப்ட் போட்டு அதைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியது புரோகிராம் எழுதியவர் கடமை. பிடித்தபின் பிரம்மகுப்தர் கட்சியா பாஸ்கரர் கட்சியா என்பது அவரவர் விருப்பம். ‘பூஜ்யத்தால் வகுக்க முடியாது’ என்று சொல்லிவிடுவதை யாம் பரிந்துரைக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடும் பயனர் ஒருவர் உண்டு. அவர் எதையும் தட்டாதவர். ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்டால் வெறுமனே எண்டரை அழுத்துகிறார். மாணவர் சாமர்த்தியமாக, குறி இன் "+-*/" என்று ஒரே வரியில் சோதனை வைத்திருக்கிறார். அதாவது தட்டிய குறி இந்தச் சரத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார். வெறும் எண்டர் தருவது வெற்றுச் சரம். வெற்றுச் சரம் ‘+-*/’க்குள் இருக்கிறதா? பைத்தான் சொல்லும் விடை: இருக்கிறது. வெற்றுச் சரம் எல்லாச் சரங்களுக்குள்ளும் இருக்கிறது. ‘+-’ என்று இரண்டு குறியைச் சேர்த்துத் தட்டினாலும் இதே சலுகை; அதுவும் அந்தச் சரத்தின் துண்டுதானே. எல்லாப் பொருளின் உள்ளும் மறைந்து உறைபவனை அந்தர்யாமி என்பது இராமானுசர் பெரிதும் வலியுறுத்திய கொள்கை. அதைப் பைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சோதனையைக் கடந்து டிக்ஷனரியிடம் போய்ச் சேரும் அந்த வெற்றுச் சரத்துக்கு எதிரே எந்தச் செயலும் இல்லாததால் கீ எரர் வெடிக்கிறது. ஆகவே குறியைச் சோதிக்கும் இந்த ஒரு வரியில் மட்டும் வேதாந்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சரத்துக்குள் தேடாமல் டிக்ஷனரிக்குள்ளேயே தேடுக.